இத்தாலி வண்டியாம், இத்தாலி வண்டி!

லாம்பிரட்டா வாங்கிட்டியாமே, கண்ணு? தெருவே பேசிக்கினு இருக்குது. இஸ்திரிக்காரன் சொல்றான், பால் பாக்கெட் போடறவன் சொல்றான். உங்கம்மா மட்டும் ஒண்ணும் சொல்லல. முந்தானையால மூஞ்சைத் தொடச்சிக்கினு உள்ள போயிட்டா. இன்னா விலைக்கு வாங்கினன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ பாதியாக் கொறைச்சுச் சொல்லுவ. நானும் நம்பிட்டவனாட்டம் தலையாட்டணும். ரெண்டு பேருக்கும் எதுக்கு வீண் வேலை?

ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். பாக்கறவன்கிட்டல்லாம் "இட்டாலியன் மெஷின்"னு சொல்லிக்கினு திரியறியாமே, ஆர்.சி. புக்கைத் தெறந்து செஞ்ச கம்பெனி பேரு இன்னான்னு படிச்சியா? ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆப் இண்டியா. சுருக்கமா ஏ.பி.ஐ. 1949ல பம்பாய்ல ஆரம்பிச்சது, ரூட்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரக் கம்பெனி. அப்பால அத்த வாங்கினது யாரு? நம்ம எம்.ஏ.சிதம்பரம். சேப்பாக்கத்துல மஞ்ச சட்டை போட்டுக்கினு விசிலடிக்கப் போறியே, அந்த ஸ்டேடியத்துக்கு வெச்சிருக்கிறது அவரு பேருதான். கிரிக்கெட்டுன்னா தெரியுது, ஸ்கூட்டருன்னா தெரியல. பம்பாய்ல பேக்டரி, அவுரங்காபாத்ல பேக்டரி, அப்பறம் எங்க? அம்பத்தூர்ல. ஆவடில ரயில் ஏறினா அண்ணனூர், திருமுல்லைவாயல், அதுக்கு அடுத்த ஸ்டேஷன். அம்பத்தூர் தண்ணி குடிச்ச கம்பெனி வண்டிய வெச்சிக்கினு மிலானு, மிலானுன்னு பீத்திக்கிறியே, வெக்கமா இல்ல?

நான் ஆவடி டாங்கி பேக்டரில பிட்டரா இருந்தவன். 1965லேர்ந்து இங்க விஜயந்தா டாங்கி செஞ்சாங்க. டிசைன் இங்கிலீஷ்காரனோடது, விக்கர்ஸ் கம்பெனி. எவனாவது வந்து "பிரிட்டிஷ் டாங்கி"ன்னு சொன்னா எங்க போர்மேன் ஒரு மொறை மொறைப்பாரு பாரு, சொன்னவன் கான்டீன் பக்கம் போயிடுவான். வரைஞ்சவன் எவனா இருந்தா இன்னா? அரம் புடிச்ச கை யாரோடது?

சரி, அந்த இத்தாலிக்காரன்தான் எதுக்கு இத்தச் செஞ்சான்? கூலிங் கிளாஸ் போட்டுக்கினு காதலியப் பின்னால ஒக்காத்தி வெச்சி ஊர் சுத்தறதுக்கா? சினிமாவுல அப்படித்தான் காட்டுவான். நடந்தது வேற. உலக சண்டை முடிஞ்ச நேரம். மிலான்ல லாம்பிராத்தேன்னு ஒரு பேட்டை. அங்க இன்னொசென்டின்னு ஒருத்தர் இரும்புக் குழாய் செஞ்சிக்கினு இருந்தார். குண்டு விழுந்து பேக்டரி பாழாப் போச்சு. இன்னொரு பக்கம் பியாஜியோன்னு ஏரோப்ளேன் செய்யற கம்பெனி. அவங்களுக்கும் அதே கதி. ஜனங்க கையில துட்டு இல்ல, ரோடெல்லாம் பள்ளம், ஆனா காலையில வேலைக்குப் போயாகணும். ஏரோப்ளேன்காரர் 1946ல வெஸ்பா விட்டார். குழாய்க்காரர் 1947ல லாம்பிரட்டா விட்டார். அதனாலதான் வெஸ்பாவுக்குத் தகடே உடம்பு, லாம்பிரட்டாவுக்கு உள்ள குழாய், மேல தகடு. அவனவனுக்குத் தெரிஞ்ச தொழிலை வெச்சி அவனவன் செஞ்சான். வெஸ்பாவ வரைஞ்ச தஸ்கானியோங்கிற இன்ஜினியருக்கு மோட்டார் சைக்கிள்னாலே ஆகாது, தெரியுமா? செயின் கிரீஸ் துணில படுது, பஞ்சரானா சக்கரத்தக் கழட்ட உசுரு போவுதுன்னு திட்டினவரு. அந்த ஆளு செஞ்சது இன்னிக்கு உலகம் பூரா ஓடுது. சுருக்கமா சொல்லணும்னா, இது ஏழைப்பட்டவன் வேலைக்குப் போற வண்டி. நீ அத்த ஏ.சி. ரூம்ல வெச்சி வெல்வெட் துணி போத்தி வெச்சிருக்கன்னு கேள்விப்பட்டேன். மெய்யாலுமா?

நம்ம ஊருக்கு வந்த கதையும் பெருசா வேற இல்ல. 1955 ஜனவரில இதே ஆவடில காங்கிரஸ் மாநாடு. தேபர் தலைமை. சோசலிச பாணில சமுதாயம் அமைப்போம்னு தீர்மானம் போட்டாங்க. நல்ல தீர்மானம்தான், குத்தம் சொல்லல. அதுக்கப்பறம் லைசென்ஸு, பெர்மிட்டு, கோட்டான்னு எல்லாம் இன்னும் இறுகிடுச்சு. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா ஒக்காந்திருந்தவன் இந்தத் தெருவுலயே உண்டு. புக் பண்ணும்போது பிரம்மச்சாரி. வண்டி வந்து நிக்கும்போது முன்னால நிக்கறதுக்குப் புள்ள ரெடியா இருக்கும். அப்பறம் இன்னா? முன்னால பெரியவன், நடுவுல அப்பன், பின்னால ஒருக்களிச்சு அம்மா, மடியில சின்னது, ஸ்டெப்னி மேல ஒரு பை. பூந்தமல்லி போயி வந்துடுவாங்க. அந்த வண்டிக்கு யாரும் "ஹெரிடேஜ்"னு பேரு வெக்கல. வண்டின்னு சொன்னாங்க, அவ்ளோதான்.

இப்ப உன் கதைக்கு வர்றேன். உனக்கு இப்ப புடிச்சிருக்கிற பைத்தியம் "ஒரிஜினல்". திருகாணி ஒரிஜினலா இருக்கணும், ரப்பர் ஒரிஜினலா இருக்கணும், பேட்ஜு இத்தாலிலேர்ந்து வரணும். கூரியர்காரன் வந்து ஒரு சின்ன டப்பாவ நீட்டறான், உள்ள ரெண்டு ஸ்க்ரூ, கஸ்டம்ஸ் வரியோட சேத்து ஒரு மாச மளிகை சாமான். இங்கதாண்டா கண்ணு வேடிக்கை. கொஞ்சம் நெருங்கி ஒக்காரு.

1971ல இத்தாலில லாம்பிரட்டா செய்யறத நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் நம்ம மத்திய சர்க்காரு போயி அந்த மெஷினு, டை, அச்சு, பேரு எல்லாத்தையும் வெலை பேசி வாங்கிக்கினு வந்து லக்னோவுல எறக்குச்சு. ஸ்கூட்டர்ஸ் இண்டியா லிமிடெட். இத்தாலில பெர்த்தோனே கம்பெனி அழகு பாத்து வரைஞ்ச கடைசி மாடல் இருக்குதே, அது இங்க விஜய் டீலக்ஸுன்னு, விஜய் சூப்பருன்னு ஓடுச்சு. 1997 வரைக்கும் அங்க ஸ்கூட்டர் செஞ்சாங்க. பேரு லக்னோவுக்குப் போயிட்டதால நம்ம ஏ.பி.ஐ.காரங்க அவங்க வண்டிய லாம்பிரட்டான்னு கூப்பிட முடியல. "லாம்பி"ன்னு வாலை நறுக்கிட்டாங்க. இன்னொண்ணுக்கு "மேக் 175"ன்னு எம்.ஏ.சிதம்பரம் குரூப் பேரையே வெச்சாங்க.

புரியுதா? இத்தாலிக்காரன் மெஷினையே தூக்கி நம்மகிட்ட குடுத்துட்டான். அப்பறமா வந்த பார்ட்டு எல்லாம் எங்க செஞ்சது? இங்கிலாந்துல 1960கள்ல பசங்க லாம்பிரட்டா முன்னால கண்ணாடி கண்ணாடியா மாட்டிக்கினு சுத்துனானுங்க. அந்தப் பசங்க இன்னிக்குக் கெழவனுங்க. பார்ட்டுக்கு அவனுங்க எங்க திரும்பிப் பாக்கறானுங்க? இந்தியா பக்கம். நம்ம ஆளு இங்க வார்த்து, பாக்கெட்டுல போட்டு, கப்பல்ல அனுப்பறான். ஆவடிப் பையன் அங்கேர்ந்து பவுண்டு குடுத்து வரவழைக்கிறான். அந்தப் பார்ட்டு நம்ம ஊரு ஹார்பரத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்துச்சா இல்லியா, நீ சத்தியம் பண்ணுவியா? புதுப்பேட்டையில ஒரு நாள் பூரா சுத்தியிருந்தா கெடைச்சிருக்கும். இல்லன்னா ஜி.பி. ரோட்டுல கேட்டிருக்கலாம். ஆனா அங்க போனா கை கறுப்பாவும். கூரியர் டப்பான்னா போட்டோ எடுக்கலாம். அதானே விஷயம்?

இன்னொரு கூத்தும் உண்டு. வெளிநாட்டான் இந்தியாவுலேர்ந்து முழு வண்டியா எறக்கும்போது ரொம்ப பயந்துக்கினு எறக்கறான். ஏன்னா நம்ம ஆளுங்க சில பேரு பளபளன்னு ரெண்டு கலர் அடிச்சி, வெள்ளை டயர் போட்டு அனுப்பிட்டானுங்க. அங்க பிரிச்சுப் பாத்தா உள்ள தகடே இல்ல, பூரா பட்டி. அத்தத்தான் உன்கிட்ட கேக்கறேன். வாங்கறதுக்கு முன்னால காந்தம் வெச்சிப் பாத்தியா? இன்னா காந்தம்னு முழிக்கிற பாரு. உங்க வீட்டு பிரிட்ஜுல ஒட்டிக்கினு இருக்குதே, திருப்பதி படம் போட்ட காந்தம், அது போதும். கால் தகட்டுல வெச்சி மெல்ல இழுத்துக்கினு வா. பக்கத்து மூடில வெச்சி இழு. தகடு இருக்கிற எடத்துல கப்புன்னு புடிக்கும். பட்டி தடிப்பா பாத்த எடத்துல வழுக்கிக் கீழ விழும். விழற எடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போடு. வட்டம் ஜாஸ்தியா, வண்டி ஜாஸ்தியான்னு அப்பறம் பேசலாம். அதுக்கப்பறம் பத்தடி பின்னால போயி குந்திக்கினு பாரு. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டுல நிக்குதா? இல்லன்னா எப்பவோ எவனோ லாரில மோதியிருக்கான். உள்ள இருக்கிற குழாய் வளைஞ்சிருக்குது. பெயிண்ட் அடிச்சா வளைஞ்சது நிமிருமா?

இதெல்லாம் சொல்லிட்டு, வண்டியே வேணாம்னு சொல்லுவேன்னு பாத்தியா? அதான் இல்ல. எனக்கு அது மேல ஆசை உண்டு, உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. வெஸ்பாவுக்கு இன்ஜின் வலது பக்கம் ஒக்காந்திருக்குது. லாம்பிரட்டாவுக்கு நட்ட நடுவுல. ஓட்டிப் பாத்தவனுக்கு அந்த வித்தியாசம் இடுப்புல தெரியும். ரோட்டோரம் ரிப்பேர் பண்றதுன்னா வெஸ்பா தேவலாம், அத்தயும் சொல்லிடறேன். பஜாஜு ஸ்கூட்டரக் காலையில ஒரு பக்கமா சாய்ச்சி நிறுத்தி, அப்பறம் உதைப்பாங்க. தெருவுல பாதி ஆம்பளைங்க சாய்ச்சிக்கினு நிப்பாங்க. இடது கைப்பிடிய கிளட்சோட சேத்து முறுக்கினா கியரு. நாலு கியரு, ரெண்டு கேபிளு. கேபிள் தளந்துடுச்சின்னா நியூட்ரலத் தேடிக்கினே அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல் வந்துடும். ஆனா எல்லாம் சரியா இருக்கிற அன்னிக்கு, ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்குப் போவும்போது மணிக்கட்டுல ஒரு டக்கு கேக்கும் பாரு. அத்தக் கேக்கறதுக்குத் துட்டு குடுக்கலாம்.

இன்னொரு சந்தோசம், எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. இப்ப வர்ற வண்டில லேப்டாப்பு சொருகினாத்தான் மெக்கானிக்குக்கே நோய் தெரியுது. இதுல பிளக்கக் கழட்டு, முனையப் பாரு. கறுப்பா ஈரமா எண்ணெய் வழிஞ்சிக்கினு இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, இல்லன்னா ஆயில் ஜாஸ்தி. வெள்ளையா வெந்து போயிருந்தா பெட்ரோல் பத்தல, ஒடனே நிறுத்து. பிஸ்கட்டு நெறத்துல காஞ்சிருந்தா சரியா இருக்குதுன்னு அர்த்தம். உப்புத்தாளால ரெண்டு தேய், ஊது, திரும்ப மாட்டு. பாயிண்ட் இடைவெளி ஒரு மயிரு தள்ளிப் போச்சின்னா ஸ்டார்ட் ஆவாது. அது கண்டென்சரா, பாயிண்டான்னு ராத்திரி டார்ச்சு புடிச்சிக்கினு பாக்கறதுல உன் பொண்டாட்டிக்கு ஒரு சந்தோசமும் இல்ல, அத்த நான் ஒத்துக்கறேன். டூ ஸ்ட்ரோக்கு வண்டிங்கறது மாமியாரு கணக்கா. தெனம் ஒருதரம் எட்டிப் பாத்து நலம் விசாரிச்சா ஒண்ணும் வேணாம்னு சொல்லும். ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போகலன்னா வாயையே தெறக்காது.

பருத்திப்பட்டுல ஒரு பையன். உன்னாட்டம் படிச்சவன்தான். புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டிய எடுத்துக்கினு நேரா பங்க்குக்குப் போனான். டேங்க் புல்லுன்னான். போட்டாங்க. கெளம்பிட்டான். ஆயிலு? ஆயிலு எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. அந்த இன்ஜினுக்கு பெட்ரோலோட கலந்து ஊத்தற ஆயில்தான் உசுரு, தனியா ஆயில் தொட்டில்லாம் கெடையாது. பூந்தமல்லி போறதுக்குள்ள பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. சறுக்கி நின்னான். நல்ல வேளை, பின்னால பஸ்ஸு வரல. அப்பறம் ரீபோரு, புது பிஸ்டனு, ரிங்கு. "ஆயில் தனியா ஊத்தணும்னு யாரும் சொல்லல"ங்கறான். தாத்தன்கிட்ட கேட்டா சொல்லியிருப்பான். தாத்தன் திண்ணையிலதானே குந்திக்கினு இருக்கான்?

சி.டி.எச். ரோட்டுல ஒருத்தன் டுகாட்டி வெச்சிருக்கான், பாத்திருப்ப. அதுவும் இத்தாலிதான், அதுல சந்தேகமில்ல. போலோன்யாக் கம்பெனி. 1926ல அவங்க ஆரம்பிச்சப்ப செஞ்சது இன்னா தெரியுமா? ரேடியோவுக்குக் கண்டென்சரு. நீ ராத்திரில தேடறியே, அதேதான். வண்டி நல்ல வண்டி, ரேஸுல பேரு வாங்கினது. வால்வத் தெறக்க ஒரு கேமு, மூட இன்னொரு கேமு, ஸ்பிரிங்கு வேலையே இல்லாத இன்ஜினுல பேரு வாங்கினவங்க. அந்த வேலைய நான் தலை வணங்கி ஒத்துக்கறேன். ஆனா அத்த ஓட்டறது எங்க? காலையில ஒன்பது மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப்புல, ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால, ஒண்ணாவது கியர்ல. தொடை வேவுது, காசு குடுத்து வாங்கின சூடு. பழைய மாடல்ல கிளட்சு ஆயில் இல்லாம வறண்டு ஓடும், சும்மா நின்னாலே கடகடன்னு சத்தம். தெருவுல ஒரு அம்மா "தம்பி, வண்டில என்னமோ கழண்டிருக்குது பாரு"ன்னு கேட்டுட்டாங்க. அதுக்கு அவன் மொறைச்சான் பாரு! "அதான் அதோட குரலு"ன்னானாம். என் ஸ்கூட்டர்ல அந்த சத்தம் வந்தா மெக்கானிக்கு என்னைத் திட்டுவான்.

காயிதம் சமாச்சாரத்துக்கு வருவோம். அதுலயும் உனக்கு ஒரு ஆசை இருக்குதுன்னு கேள்விப்பட்டேன், விண்டேஜ் நம்பரு. 2021ல மத்திய சர்க்காரு விதி போட்டுது. 50 வருஷம் தாண்டின வண்டி, உருவம் மாத்தாம இருந்தா, விண்டேஜுன்னு பதியலாம். பழைய நம்பர் இருந்தா அதையே வெச்சிக்கலாம். புதுசாப் பதியறதுன்னா நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூவா, பத்து வருஷம் செல்லும். சந்தோசம். அடுத்த வரியப் படிச்சியா? கண்காட்சிக்குக் கொண்டு போலாம், ராலிக்குப் போலாம், பெட்ரோல் போடப் போலாம், ரிப்பேருக்குப் போலாம். தெனம் ஓட்டக் கூடாது. அதாவது 20,000 கட்டி, பெட்ரோல் போடறதுக்காக பெட்ரோல் பங்க்குக்குப் போற உரிமைய வாங்கிக்கிற. சாதா பதிவையே புதுப்பிச்சி வெச்சிக்கயேன். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணத்தையும் 300லேர்ந்து 1,000 ஆக்கிட்டாங்கதான். ஆனா கறிகாய் வாங்க மார்க்கெட்டுக்காவது போலாம், போலீஸ்காரர் கேட்டா ராலிக்குப் போறேன்னு பொய் சொல்ல வேண்டியதில்ல.

நீ ஓட்டறியோ இல்லியோ, ஒரு வேலைய மட்டும் இந்த வாரமே செஞ்சிடு. இப்ப பங்க்குல வர்ற பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால் கலக்கறாங்க. உன் வண்டி பொறந்தப்ப அந்தப் பேச்சே இல்ல. எத்தனாலு தண்ணிய உறிஞ்சும். பழைய ரப்பர ஊத வெச்சிடும். நின்ன வண்டில டேங்க் உள்ளாற துரு புடிக்கும், கார்பரேட்டர்ல பிசின் படியும். அதனால முதல்ல பெட்ரோல் டியூப மாத்து, எத்தனால் தாங்கறதா கேட்டு வாங்கு. கார்பரேட்டர்ல இருக்கிற வாஷர், டேங்க் காக்குல இருக்கிற ரப்பர், ரெண்டையும் மாத்து. ஒரு மாசம் வண்டிய எடுக்கப் போறதில்லன்னா டேங்க்க வடிச்சிடு. இந்தச் செலவெல்லாம் சேத்தாலும் உன் இத்தாலி பேட்ஜு வெலைல பாதி கூட வராது. அப்பறம் காத்தால வண்டிய எடுத்துக்கினு போயி, உங்கம்மாவ ஒக்கார வெச்சி, திருமுல்லைவாயல் கோயிலுக்குக் கூட்டிக்கினு போ. ஆயிலு கலந்துட்டியான்னு கெளம்பும்போது ஒருதரம் பாத்துக்க.